தோக்குக்காரருக்க தம்பி

சவப்பெட்டியைத் தூக்கும்போது தலைமாட்டில் இடதுபக்கக் கைப்பிடி ஜேசுதாஸுக்குக் கிடைத்தது. கூடப்பிறந்த தம்பி என்ற முறையில் கிடைத்தது. "ஒண்ணாத் தூக்கணும், கேட்டியளா" என்று யாரோ சொல்ல, எல்லோரும் குனிந்தார்கள். ஜேசுதாஸ் மட்டும் நிமிர்ந்து பந்தல் வாசலைப் பார்த்தார். அங்கே ஏட்டு சுயம்பு, சீருடையில்லாமல் வெள்ளை வேட்டியில் வந்து நின்றிருந்தார். வந்துவிட்டானே என்ற யோசனையில் பிடி பிந்திப்போக, பெட்டி அவர் பக்கமாகச் சாய்ந்தது.

"சித்தப்பா, பிடிச்சிருக்கியளா?" என்றாள் அண்ணன் மகள் பிரீனா, அழுகைக்கு நடுவே.

"பிடிச்சிருக்கேன் மக்கா. நீ அழு."

பெட்டிக்குள் கிடந்தவர் ரத்தினம். கருங்கல் ஊரின் சுற்றுவட்டாரத்தில் ரத்தினம் என்று விசாரித்தால் எந்த ரத்தினம் என்று திருப்பிக் கேட்பார்கள். தோக்குக்காரர் என்று சொன்னால் பஸ்ஸுக்கு நிற்கிறவன்கூட பஸ்ஸை விட்டுவிட்டு வழி காட்டுவான். துப்பாக்கிக்கு அந்தப் பக்கத்தில் தோக்கு என்று பெயர். அப்பா காலத்து ரெட்டைக்குழல், பயிர்க் காவலுக்கென்று முறையாக லைசென்ஸ் எடுத்தது.

ஜேசுதாஸ் ஒன்றும் குறைந்த ஆளில்லை. சந்தையில் மூன்று ஷட்டர் வைத்த இரும்புக்கடை முதலாளி. அவரிடம் ஆணி வாங்காமல் அந்தப் பக்கத்தில் ஒரு வீடு கூரை ஏறியதில்லை. இருந்தும் ஊர் அவருக்கு வைத்த பெயர் 'தோக்குக்காரருக்க தம்பி'. அப்படிக் கூப்பிட்டுக்கொண்டு கடைக்குள் நுழைகிறவனை அவர் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். அவனாக 'மொதலாளி' என்று திருத்திக்கொண்ட பிறகுதான் தராசைத் தொடுவார். அன்றைக்கு அவனுக்கு நிறுவையும் கொஞ்சம் கறாராகத்தான் இருக்கும்.

இத்தனைக்கும் அந்தத் தோக்கு பேரம் பேசி அண்ணனுக்குப் போனது. அப்பா இறந்தபோது லைசென்ஸை ஒரு மகன் பெயருக்கு மாற்ற, இன்னொரு மகன் ஆட்சேபணை இல்லை என்று ஒப்பு போடவேண்டியிருந்தது. ஒப்புக்கு ஜேசுதாஸ் சொன்ன விலை, சந்தையில் இருந்த கட்டிடம். அண்ணன் மறுபேச்சில்லாமல் சரி என்றார். அங்கேதான் வந்தது வினை. சொன்ன விலைக்கு எதிராளி உடனே தலையாட்டிவிட்டால் வியாபாரிக்கு உறக்கம் வராது. குறைத்துச் சொல்லிவிட்டோமோ, கைவிட்டுப்போன சரக்கு நாம் நினைத்ததைவிட உசத்தியோ என்று பாயில் உருண்டுகொண்டே கிடப்பான். ஜேசுதாஸ் உருண்டு உருண்டு தலையே நரைத்துப்போயிற்று.

பெட்டி ரோட்டுக்கு வந்தது. முன்னே கீர்த்தனை பாடுகிற கூட்டம், பின்னே ஊர்க்கூட்டம். சந்தையில் பாதிக்கடை அடைத்திருந்தார்கள். எனக்கு இப்படி அடைப்பார்களா என்று ஜேசுதாஸ் ஷட்டர்களை நோட்டம்விட்டுக்கொண்டே நடந்தார். மீன்காரி ஒருத்தி, இனயம் கடற்கரையிலிருந்து கூடை சுமந்து வருகிறவள், கூடையை இறக்கிவைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். கடைக்கு வந்தால் ஒரு தூண்டில்முள்ளுக்கு அரைமணி நேரம் அடித்துப் பேசுகிறவள். அவள் கண்ணீர்கூட அண்ணனுக்குச் சல்லிசாகக் கிடைக்கிறதே என்றிருந்தது.

அப்படி என்ன செய்துவிட்டார் அண்ணன்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் வாசலில் பழைய வேட்டியை விரித்து, தோக்கை மடக்கி, கம்பியில் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டுத் துடைப்பார். குழலை வானத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக்கண்ணால் பார்ப்பார். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். சிறுவயதில் அப்பா துடைக்கும்போது அண்ணனுக்குக் கம்பி, தம்பிக்கு எண்ணெய்த் தகரம் பிடிக்கிற வேலை. ஒருநாளும் அது மாறியதில்லை. அந்திக்கு வீட்டுக்குப் பின்னால் விளையில், அதாவது தோட்டத்தில், மரச்சீனிக் கிழங்கு தோண்டக் காட்டுப்பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தம் கேட்கிற தூரத்துக்குள் ஜேசுதாஸின் முள்கம்பி ஒரு சுருள்கூட விற்காது. "கம்பி என்னத்துக்கு மொதலாளி? ஒம்ம அண்ணனுக்க வெடி ஒண்ணு போதாதா?" என்று வாங்க வந்தவனே கேட்பான்.

ஒருமுறை முகமூடித் திருடர்கள் நடமாட்டம் என்று ஊரே நடுங்கிக்கிடந்தது. ரத்தினம் சாயங்காலங்களில் தோக்கை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். அந்தத் தெருவில் கதவைச் சாத்தாமல் உறங்கினார்கள். திருடர்கள் ஜேசுதாஸின் கடைப்பூட்டை உடைத்தார்கள். "தோக்குக்காரருக்க தம்பி கடைன்னு ஒரு போர்டு வச்சிருந்தா தொடமாட்டானுவ" என்று ஆறுதல் சொன்னவர்களை ஜேசுதாஸ் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மாலையில் மொட்டைமாடியில் நிற்கும்போது வெடிச்சத்தம் கேட்கும். 'எழுவது தாண்டியும் கை நடுங்கல்ல, பாரு' என்று வயிறு எரியும். சபையில் எதிர்ப்பட்டாலும் அண்ணன் இப்போதெல்லாம் கை கொடுப்பதில்லை. துண்டுக்குள் இரண்டு கையையும் மடக்கி வைத்துக்கொண்டு தலையை மட்டும் அசைப்பார். தோக்குக்காரருக்குத் தம்பியிடம் கை நீட்டவும் அந்தஸ்து தடுக்கிறது என்று ஜேசுதாஸும் பதிலுக்குத் தலையைப் பாதிதான் அசைப்பார்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் உள்ளவர்கள் தோக்கை ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும், முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். முன்னெல்லாம் ரத்தினம் அதை வெள்ளைத்துணியில் பொதிந்து தோளில் சாய்த்துச் சந்தை வழியே நடந்துபோவார், சாமி புறப்பாடு மாதிரி. இந்தத் தேர்தலுக்கு ஆட்டோவில் போனார். அண்ணன் மனைவி, மைனி ஜெபகனியின் மடியில் தோக்கு இருந்தது. இப்போ தூக்க ஆள் வேறயா என்று ஜேசுதாஸ் கல்லாவில் குனிந்துகொண்டார்.

ஓட்டு எண்ணுவதற்குள் அண்ணன் உறக்கத்திலேயே போய்விட்டார். தோக்கு ஸ்டேஷனில் கிடக்கிறது. காலையில் சாவுச்செய்தி வந்ததும் ஜேசுதாஸுக்குக் கண் கலங்கியது உண்மை. கலங்கின கண்ணைத் துடைப்பதற்குள் இன்னொரு யோசனையும் வந்துவிட்டது: பெயர் மாற்ற இந்தமுறையும் என் ஒப்பு வேண்டுமே!

கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபித்து முடித்தார். ஜேசுதாஸ் மூன்று பிடி மண் போட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நேராகச் சுயம்புவிடம் வந்தார்.

"ஏட்டய்யா, சாதனம் பத்திரமா இருக்குல்லா?"

"ஆளு இப்பத்தான் மண்ணுக்குள்ள போயிருக்காரு. அதுக்குள்ள சாதனமா வேய்?"

"இல்ல, எண்ணெய் காணாம கெடந்தா துரு ஏறும். எனக்கு இரும்பைத் தெரியும்லா."

"ஏறாது. நான் பாத்துக்கிடுதேன். இனி பேரு மாத்தித்தான் வாங்க முடியும்."

"அதைத்தான் சொல்ல வந்தேன். எனக்க ஒப்பு வேணும்லா? சட்டுன்னு போட மனசு வரல்ல. பின்ன, மைனி முகத்தைப் பாத்து வேணும்னா..."

சுயம்பு நடையை நிறுத்தினார். "ஒம்ம ஒப்பு என்னத்துக்கு?"

"அப்பா செத்தப்ப போட்டேனே!"

"அன்னைக்கு நீரு மகன். இன்னைக்கு வெறும் தம்பி. பொண்டாட்டி, மகன், மகள், அவிய மூணுபேரும் பேசி முடிச்சா முடிஞ்சு. ஒம்மகிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கப் போறதில்ல."

சொல்லிவிட்டுச் சுயம்பு பைக்கை உதைத்தார். காலையிலிருந்து ஒரு மூட்டைக்கு விலை ஏற்றி ஏற்றி வைத்துக்கொண்டிருந்த ஜேசுதாஸுக்கு, அவிழ்த்தால் உள்ளே உமிகூட இல்லை என்றாகிவிட்டது. ஆனால் சரக்கில்லை என்பதற்காகக் கடையைச் சாத்துகிற ஆள் அவரில்லை.

துட்டி வீட்டில் கூட்டம் கரைந்திருந்தது. பின்பக்க வராந்தாவில் மைனி ஜெபகனி வெள்ளைச் சேலையில், சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். பிரீனா கட்டன்சாயா கொண்டுவந்தாள். மகன் லிஜோ துபாயிலிருந்து போனில் அடக்கத்தைப் பார்த்துவிட்டு, அழுது, இப்போதுதான் வைத்திருந்தான்.

ஜேசுதாஸ் சாயாவை ஊதினார்.

"மைனி, லிஜோ அங்க கெடக்கான். பிரீனா தக்கலைக்குப் போயிருவா. நீங்க ஒத்தையில இருக்கணும். ஒரு தற்காப்பு வேண்டாமா?"

"வேணும்."

"அப்ப தோக்கை எனக்க பேருக்கு எழுதித் தாங்க. கூப்பிட்ட கொரலுக்கு ஓடி வாறேன். அதுக்குப் பதிலா விளை முழுக்க முள்கம்பி சுத்தித் தாறேன். கல்லு, கம்பி, கூலி எல்லாம் எனக்க வகை."

ஜெபகனி விளைப்பக்கம் முகத்தைத் திருப்பினாள். விலை காணாது என்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"கேட்டும் போட்டுத் தாறேன். ரெட்டைக் கதவு."

பிரீனாவுக்குச் சிரிப்பு முட்டியது. துட்டி வீடாயிற்றே என்று இருமி மறைத்தாள்.

"தம்பி, நான் எனக்க பேருக்கு மாத்தலாம்னு இருக்கேன். பிள்ளைகளுக்குச் சம்மதம்."

"ஒங்க பேருக்கா?" ஜேசுதாஸ் கிளாசைக் கீழே வைத்தார். "வச்சு என்ன செய்வியோ? நெல்லு குத்தவா?"

ஜெபகனி அதற்குக் கோபப்படவில்லை. "பிரீனா, அந்தச் சட்டையை எடு."

உள்ளே ஆணியில் தொங்கிய சட்டையைப் பிரீனா கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். அண்ணனின் பழைய காக்கிச் சட்டை. கைகளைப் பெண்பிள்ளை அளவுக்குக் குறைத்துத் தைத்திருந்தது. வலது தோளில் உள்பக்கமாக ஒரு கறுப்பு ரப்பர்த் துண்டு. ஜேசுதாஸ் தொட்டுப்பார்க்கத் தேவையில்லை. அவர் கடைச்சரக்கு, கெட்டி ஷீட், அவர் கையாலேயே வெட்டிக்கொடுத்தது. 'இது என்னத்துக்கு மைனி?' என்று அன்றைக்குக் கேட்டதும், 'காத்துக்குக் கதவு அடிக்குது' என்று அவள் சொன்னதும், சொந்தக்காரி என்று ஒரு பைசா குறைக்காததும் நினைவுக்கு வந்தன.

"அம்மைக்க தோளைப் பாக்கணும் சித்தப்பா," என்றாள் பிரீனா. "ரப்பர் வச்சும் கன்னிப்போய்க் கெடக்கு. இப்ப அம்மையைக் குளிப்பாட்டும்போ பாத்து நான் பயந்துட்டேன்."

"அண்ணனுக்குக் கைநடுக்கம் வந்து மூணு வருசமாச்சு," என்றாள் ஜெபகனி. "இந்தா, இந்தச் சாயா கிளாசைப் பிடிக்க ஒக்காது. தோக்கை எப்படிப் பிடிப்பாவ? பக்கத்துல ஸ்டூல் போட்டு இருந்து சொல்லித் தருவாவ, நான் வெடி போடுவேன். மொதல் வெடிக்குப் பன்னி நின்னு பாத்துட்டுப் போச்சு. வாழைக்கொலை ஒண்ணுதான் விழுந்தது."

ஜேசுதாஸின் காதுக்குள் எத்தனையோ சாயங்காலத்து வெடிகள் ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டன.

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"ஒம்மகிட்டச் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருந்தாவ."

"என்னத்துக்கு?"

ஜெபகனி சாயா கிளாசை ஓரமாக நகர்த்திவைத்தாள். "'வெடி கேட்டு வயிறு எரிஞ்சாத்தான் எனக்க தம்பிக்கு அன்னைக்குச் சோறு செமிக்கும். அதைக் கெடுத்துராத'ன்னு சொல்லிச் சிரிப்பாவ."

ஜேசுதாஸ் சட்டையை மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தார். ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணன் சொல்லிக்கொடுக்க, இவள் இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். ஜேசுதாஸின் வீட்டில் இதுவரை அவருக்காக ஒருவரும் ஒரு ஷட்டரைக்கூட இறக்கிவிட்டதில்லை. காலையிலிருந்து கனன்றுகொண்டிருந்த எரிச்சல் அப்படியேதான் இருந்தது, தோக்கைவிட்டு இறங்கி அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்திருந்தது.

வெளிச்சம் மங்கிவிட்டது. வாழைகளுக்கு அப்பால் மரச்சீனித் தடத்தில் சடசடவென்று சத்தம் கேட்டது. பின்னாலேயே ஓர் உறுமல்.

"வந்தாச்சு," என்று ஜெபகனி எழுந்தாள். "ஆளு போனது அதுக்குத் தெரியுமா?"

பிரீனா தடுப்பதற்குள் முற்றத்தில் இறங்கி விளையின் ஓரம்வரை போனாள். ஜேசுதாஸும் பின்னால் போனார். அங்கே நின்றதும் அவளுடைய இடதுகால் தானாக ஓரடி முன்னே போயிற்று. வலது தோள் பின்னே இழுத்துக்கொண்டது. கன்னம் சாய்ந்தது. இரண்டு கைகளும் உயர்ந்து, வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றன. இம்மியும் ஆடவில்லை.

பிறகு கைகளை இறக்கிச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஜேசுதாஸ் திரும்பி நடந்து வராந்தாவில் தேடினார். மூலையில் தோக்கு துடைக்கிற சாமான்கள் வைக்கும் எண்ணெய்த் தகரம் இருந்தது. துணியையும் கம்பியையும் எடுத்து வெளியே வைத்தார். விறகுக்கட்டை ஒன்றை உருவிக்கொண்டு வந்து, ஜெபகனிக்குப் பக்கத்தில் நின்று தகரத்தில் ஓங்கி அடித்தார். மறுபடியும் அடித்தார். பன்றிக்கு வேண்டியதைவிடப் பலமாக, வெடிச்சத்தம் எட்டுகிற தூரம் எட்டட்டும் என்று அடித்தார்.

மரச்சீனித் தடத்தில் சத்தம் நின்றது. வேலிக்கு அந்தப்பக்கம் யாரோ டார்ச் அடித்தார்கள்.

"யாரு அது? தோக்குக்காரருக்க தம்பியா?"

ஜேசுதாஸின் கையிலிருந்த கட்டை அந்தரத்தில் நின்றது.

"ஆமா" என்றார்.

தகரத்தின் அடிப்பக்கம் நெளிந்துபோயிருந்தது. அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தில் அடிக்கத் தொடங்கினார்.