ராக்ஸ்டாட் கடைக்குப் போகாதீர்கள்

எங்கள் ஹால்வர் ஊரில் ஒரு கடையைப் புறக்கணிக்கச் சொல்வது எத்தனை பெரிய தலைவலி என்பதை யாரிடம் சொல்லி அழுவது? மினசோட்டாக்காரர்களுக்குக் கோபம் வராது என்றில்லை. வரும். வந்ததும் முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டு, "பரவால்ல, பரவால்ல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவார்கள். இவர்களை நம்பிப் போராட்டத்தில் இறங்கினேன் பாருங்கள், என்னைத்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் முன்னாள் படைவீரர் மன்றத்தில் இறைச்சிக் குலுக்கல் நடக்கும். ஒரு டாலருக்கு ஒரு சீட்டு. பெயர் எழுதிப் பழைய ஐஸ்கிரீம் வாளியில் போட வேண்டும். யார் சீட்டு வருகிறதோ அவர் மேடைக்குப் போய் ஒரு பொட்டலம் இறைச்சி வாங்கிக்கொள்ளலாம். வசூல் பள்ளி ஹாக்கி அணிக்கு. இறைச்சி ட்வேன் ராக்ஸ்டாட் கடையிலிருந்து வரும். மைக்கைப் பிடித்துப் பெயர் வாசிப்பவனும் ட்வேன்தான். ஊர் மேயரும் அவன்தான்.

ஜனவரி கடைசி வெள்ளியன்று மாய் ஹுவா சியோங்கின் சீட்டு வந்தது. ஆறு வருடமாகப் பள்ளிச் சமையலறையில் என்னோடு வேலை பார்ப்பவள். லாவோஸ் மலைகளிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங் குடும்பம். மாநிலத் தலைநகர் செயின்ட் பாலில் பிறந்து வளர்ந்து, கணவனுக்கு வான்கோழி ஆலையில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தவள். ட்வேன் அவள் பெயரை மூன்று விதமாக இழுத்து, மூக்கால் பாடிக் காட்டி, கடைசியில், "மன்னிச்சுக்கம்மா, இன்னிக்குப் பன்னிக்கறிதான். நாய்க்கறி வந்தா சொல்லியனுப்புறேன்" என்றான். மன்றமே சிரித்தது. மாய் ஹுவா எழுந்து மேடைக்குப் போனாள். பொட்டலத்தை வாங்கினாள். "தேங்க்ஸ்" என்றாள். கோட்டை எடுத்துக்கொண்டு பனியில் இறங்கி நடந்துவிட்டாள்.

யாரோ எடுத்த வீடியோ மறுநாளே மாநிலம் முழுக்கச் சுற்றியது. திங்கட்கிழமை அவள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். மார்ச் கடைசி வெள்ளியோடு வேலையை விடுவதாகவும், பிறகு குடும்பத்தோடு செயின்ட் பாலுக்கே போவதாகவும் அதில் இருந்தது.

"போகாத. அந்த ட்வேன பதில் சொல்ல வைக்கிறேன், பாரு" என்றேன்.

அவள் கேரட் வெட்டுவதை நிறுத்தவில்லை. "அவன மட்டுமா?" என்றாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது.

குழு அமைத்தேன். 'ராக்ஸ்டாட் கடைக்குப் போகாதீர்கள்' என்று அட்டை அச்சடித்து ஜன்னல் ஜன்னலாக ஒட்டினோம். முதல் வாரம் ட்வேன் கடையில் ஈ ஓட்டினான். இரண்டாவது வாரம் கடையின் பின்வாசலுக்கு எதிரே, வங்கி வாசலில், கார்கள் நிற்கத் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை வங்கியில் யாருக்கு என்ன வேலை?

மூன்றாவது வாரம் சர்ச் அடித்தளத்தில் குழுக் கூட்டம். எங்கள் ஊரில் கையை வீசிக்கொண்டு கூட்டத்துக்கு வர முடியாது. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்தார்கள், அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதி. குழுவிலிருந்த லவான் கொண்டுவந்தது உருளைக்கிழங்கும் சாசேஜும் போட்டுச் சுட்டெடுத்த ஹாட்டிஷ். ஒரு வாய் வைத்தேன். அந்தச் சோம்பும் புகையும் உலகத்தில் ஒரே ஒரு கடைக்குத்தான் சொந்தம்.

"லவான், இந்த சாசேஜ் எங்க வாங்கின?"

"பழசு, ஆர்லிஸ். ஃப்ரீசர்ல கிடந்துச்சு."

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி உன் ஃப்ரீசர் செத்துப்போய் எல்லாத்தையும் குப்பையில கொட்டினேன்னு நீதான சொன்ன?"

லவானின் காது சிவந்தது. "ட்வேன் பொண்டாட்டி கண்ணாடிக்குப் பின்னாலேர்ந்து கையாட்டினா. உள்ள போகாம எப்படி வர்றது? மரியாதையா இருக்காதே."

வீட்டுக்கு வந்து சந்தேகத்தில் என் ஃப்ரீசரையே தோண்டினேன். சோளப் பொட்டலங்களுக்கு அடியில் வெள்ளைத் தாளும் நூலுமாக ஏழு ராக்ஸ்டாட் பொட்டலங்கள். என் கணவர் வெர்லின் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நான் ட்வேன்கிட்ட வாங்கலம்மா. அவன் தம்பிகிட்டதான் வாங்கினேன்" என்றார்.

"தம்பி எங்க நிக்கிறான்?"

"கடையிலதான்."

இந்த மனிதரோடு முப்பத்தோரு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

இதற்கிடையே ட்வேன் உள்ளூர்ப் பத்திரிகையில் அறிக்கை விட்டான். தன் பேச்சால் யாராவது புண்பட்டிருந்தால் வருந்துகிறானாம். யாராவது! ஊரில் இருப்பதே ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். அந்த யாராவது யாரென்று தெரியாதா இவனுக்கு? இரண்டு நாள் கழித்து ஒரு முழு ஹாமை, உப்பிட்ட பன்றித் தொடையை, தூக்கிக்கொண்டு என் பின்வாசலுக்கு வந்தான்.

"ஆர்லிஸ், இத்தோட விட்டுடலாமே."

"மாய் ஹுவாகிட்ட பேசினியா?"

"அவங்க வீடு எங்கன்னு தெரியாதே."

"உன் மச்சான் வீட்டுக்குப் பக்கத்து வீடு, ட்வேன்."

ஹாமைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்று சாயங்காலத்துக்குள், ட்வேன் மன்னிப்புக் கேட்டுவிட்டான், ஆர்லிஸும் ஏற்றுக்கொண்டாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. சமையலறையில் மாய் ஹுவா, "ஹாம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள். எனக்குத் தரையில் உட்கார்ந்து கத்த வேண்டும்போல இருந்தது.

அந்த எரிச்சலில்தான் யோசனை பிறந்தது. இந்த ஜனங்களுக்கு வாங்காமல் இருக்கத் தெரியவில்லையா? சரி, வாங்கட்டும். மார்ச் கடைசி வெள்ளிக் குலுக்கலில் எல்லோரும் சீட்டு வாங்க வேண்டும், எல்லாச் சீட்டிலும் ஒரே பெயரை எழுத வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். வாங்கச் சொன்னதும் என்ன உற்சாகம்! வெர்லின் மட்டும் நாற்பது சீட்டு எழுதினார்.

அன்று பகலில்தான் சமையலறையில் அவளுக்குக் கடைசி நாள். கேக் வெட்டினோம். அவள் இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. சாயங்காலம் மன்றத்துக்கு வரும்படி கெஞ்சினேன்.

"வர்றேன். உனக்காக இல்ல" என்றாள்.

ட்வேன் வாளியில் கைவிட்டு முதல் சீட்டைப் பிரித்தான். ஒரு நொடி தாமதித்து, "மாய் ஹுவா சியோங்" என்று வேகமாக வாசித்தான். அவள் எழுந்து போய்ப் பொட்டலத்தை வாங்கி வந்து என் மடியில் வைத்தாள். இரண்டாவது சீட்டு, மாய் ஹுவா சியோங். மூன்றாவது, மாய் ஹுவா சியோங். நான்காவது முறை அவன் வாளியிலிருந்து ஒரு கைப்பிடிச் சீட்டை அள்ளிப் பார்த்தான். கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்துபோனான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆறாவது முறை அவள் எதிரே வந்து நின்றபோது மைக்கைத் தாழ்த்திக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான்.

"மைக்குல" என்றாள் மாய் ஹுவா.

அவன் மைக்கை உயர்த்தினான். "நான் உங்களக் கேவலப்படுத்தினேன். தப்பு. மன்னிச்சுடுங்க."

இந்த முறை 'யாராவது' இல்லை, 'இருந்தால்' இல்லை. நான்தான் முதலில் கைதட்டினேன். மன்றமே தட்டியது. அப்பாடா, முடிந்தது, இனி கடைக்கு முன்வாசல் வழியாகவே போகலாம் என்கிற நிம்மதி எல்லா முகத்திலும் வழிந்தது.

அவள் அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். "இவர் பேசினார், இவர் மன்னிப்புக் கேட்டுட்டார். சிரிச்சது யாரு?"

கைதட்டல் நின்றது.

"வீடியோல எல்லா முகமும் தெரியுது. நான் யார் பேரையும் சொல்லப் போறதில்ல. சிரிச்சவங்க கை தூக்குங்க, போதும்."

இருநூறு பேரும் கூரையை ஆராயத் தொடங்கினார்கள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்க மாட்டேன். இரண்டு மாதம் உனக்காக நாயாக அலைந்தேனே, இப்போது எதற்கு இது என்று மனம் கொதித்தது. அந்த வீடியோவின் பதினான்காவது நொடியில், மூன்றாவது மேசையில், நீல ஸ்வெட்டர் போட்ட ஒருத்தி வாயைத் திறந்து சிரிக்கிறாள். அது நான். மறுநாள் காலையிலேயே அந்த ஸ்வெட்டரைச் சர்ச்சின் பழந்துணிப் பெட்டியில் போட்டுவிட்டேன். அட்டை அச்சடித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மடியிலிருந்த ஐந்து பொட்டலங்களையும் தரையில் இறக்கி வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன்.

வெகுநேரம் என் கை மட்டும்தான் அந்தரத்தில் நின்றது. வெர்லின் என்னைப் பார்த்தார், தன் தட்டைப் பார்த்தார், பிறகு தோள்பட்டை வலிக்காரர் மாதிரி மெல்லக் கையை உயர்த்தினார். அப்புறம் லவான். பின்னால் நாற்காலிகள் முனகும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மாய் ஹுவா எண்ணவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு, ஆறாவது பொட்டலத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மொத நாளே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"சொல்லியிருக்கணும்."

கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வாயா என்று கேட்க நாக்கு துடித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவள் அதையும் தரையில் மற்றவற்றோடு சேர்த்து என் பக்கம் காலால் தள்ளினாள். "இதெல்லாம் நீ எடுத்துட்டுப் போ. எனக்கு வேணாம். உன் ஃப்ரீசர் காலியாத்தான இருக்கும்?"

"எங்க காலி? வெர்லின் ரொப்பி வச்சிருக்கார்."

அவள் வெர்லினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சட்டென்று சிரித்துவிட்டாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"திங்கக்கெழம நான் வெங்காயம் வெட்டுறேன், கேரட் வெட்டுறது உன் முறை" என்றாள்.