மூன்றாவது கேப்

சைக்கிள் டிரான்ஸ்பார்மரைத் தாண்டியதும் சாம்சனின் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. அவனாகச் சாய்க்கவில்லை. டிசம்பரிலிருந்து தினமும் அதே இடத்தில் சாய்ந்து பழகிய உடம்பு, அவனைக் கேட்காமலே சாய்ந்துகொண்டது. அடுத்த நொடி கிழக்கிலிருந்து கடல்காற்று வந்து முன்சக்கரத்தில் அறைய வேண்டும். சாய்ந்த உடம்பும் அடிக்கிற காற்றும் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்துக்கொள்ள, வண்டி நேராக ஓட வேண்டும். அன்றைக்குக் காற்று வரவில்லை. சைக்கிள் நடு ரோட்டுக்குப் பாய்ந்தது. பின்னால் வந்த வேன் ஹாரனை அலறவிட்டு, வளைந்து, அவன் முழங்கையை உரசாத குறையாக நின்றது. கம்பெனி வேன். உள்ளே ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் பெண்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"இன்னா, ஊட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?"

ஜன்னலோரத்தில் யாரோ ஒருத்தி சிரித்தாள். வேன் கிளம்பிப் போனது. சாம்சன் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு எதிர்ப்பக்கம் பார்த்தான். நேற்று சாயங்காலம் வரை அங்கே சுவர் கிடையாது. இரண்டு கம்பெனிகளின் காம்பவுண்டுகளுக்கு நடுவே கருவேலம் மண்டிய காலி மனை, அதற்கு அப்பால் வெறும் வானம். இப்போது அந்த இடத்தை இரும்பு ஷீட் அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கச் சுவர்களின் அதே சாம்பல் நிறம். ஓடுகிற வண்டியில் தலையைக் குனிந்துகொண்டு போகிறவனுக்கு அது தெரியவே தெரியாது. சாம்சன் ரோட்டோரம் உட்கார்ந்தான்.   அண்ணனும் இப்படித்தான் சாய்ந்திருப்பானோ என்று தோன்றியது. அவனுடைய அண்ணன் ராபின் போன வருஷம் மார்ச்சில் செத்தது இந்த இடத்தில்தான், இதே சைக்கிளில்தான்.

ராபின் வாங்கிப் போட்ட சக்கரங்களைக் கும்மிடிப்பூண்டியில் வேறு யாரிடமும் பார்க்க முடியாது. மற்ற சைக்கிள்களில் விளிம்பு ஒரு விரல் கனம் இருந்தால் அதிகம். இதில் நாலு விரல் உயரத்துக்குக் கறுப்புக் கார்பன், மிச்ச இடத்தில் குட்டையாகக் கம்பிகள். ஈசிஆர் பக்கம் ஓட்டுகிற ஒரு சென்னைக்காரன் கழித்துப்போட்டதை வாங்கி வந்து, வேலைக்குப் போகாத நேரமெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தான். நேராகப் போகும்போது அது காற்றைப் பிளந்துகொண்டு ஓடும். பெரிய சங்கை ஊதுகிற மாதிரி உள்ளிருந்து ஒரு சத்தம் வரும். பக்கவாட்டில் காற்றடித்தால் அதே விளிம்பு படகின் பாய் மாதிரி ஆகிவிடும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் ஹேண்டில்பாரைப் பிடுங்கிக்கொண்டு போகும். கம்பெனிச் சுவர்கள் நீளும் வரை ஆபத்தில்லை. சுவர் விட்ட இடங்களில்தான் ஆபத்து. அந்த ரோட்டில் அப்படி மூன்று இடங்கள். ராபினும் அவன் கூட்டாளி ரஷீத்தும் அவற்றுக்கு முதல் கேப், ரெண்டாவது கேப், மூணாவது கேப் என்று பெயர் வைத்திருந்தார்கள். டிரான்ஸ்பார்மரைத் தாண்டி வருவது மூணாவது.

ரஷீத் பழவேற்காட்டில் இறால் வியாபாரம் பார்க்கிறவன். நோன்பு மாதம் என்பதால், வேன் உரசப் பார்த்த அன்றைக்கு அவன் ஓட்ட வரவில்லை. அண்ணன் போன பிறகு சாம்சனுக்கு இந்தச் சக்கரத்தை ஓட்டப் பழக்கியது அவன்தான். முதல் நாளே சாம்சன் முதல் கேப்பில் தடுமாறி முள்ளில் விழுந்தபோது, தூக்கிவிடாமல் நின்று சிரித்தான். "காத்து அடிச்சப்புறம் சாஞ்சா நீ கீழதான் கெடப்பே, மாமே. அது வர்றதுக்கு முன்னாடியே சாயணும். நம்பி சாயணும்" என்றான்.

அண்ணன் செத்தபோது சாம்சன் இரும்பு உருக்கும் கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். அடக்கத்துக்குப் பிறகு சில வாரம் போனான். அப்புறம் நின்றுவிட்டான். யாரும் பெரிதாகக் காரணம் கேட்கவில்லை. பகலில் தூங்கிப் பழகியவனுக்கு ராத்திரித் தூக்கம் வரவில்லை, பகல் தூக்கமும் போய்விட்டது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சைக்கிள் திரும்பி வந்தது. ஹேண்டில்பாரில் சுற்றிய டேப் கிழிந்திருந்தது. வேறு சேதம் எதுவும் இல்லை. லாரியின் பின்சக்கரம் ஆளை மட்டும் எடுத்துக்கொண்டு சைக்கிளை ஓரத்தில் தள்ளிவிட்டிருந்தது. சும்மா கிடப்பதற்கு இதை ஓட்டலாம் என்று டிசம்பரில் புயல் ஓய்ந்த பிறகு எடுத்தவன், விடவில்லை.

கம்பெனி கேமராவில் பதிவான படத்தை ஸ்டேஷனில் அவனுக்குக் காட்டினார்கள். ராபின் ஓரமாக, ஒழுங்காக வருகிறான். பின்னால் லாரி வருகிறது, அவனைத் தாண்டப் போகிறது. அவன் வலப்பக்கம் சாய்ந்து லாரியின் பக்கம் போகிறான். குறுக்கே நாய் இல்லை, பள்ளம் இல்லை, யாரும் தள்ளவில்லை. லாரி டிரைவர் சொன்னதும் அதுதான், அவனே வந்து விழுந்தான் என்று. படத்தை நிறுத்திவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சனையா என்று விசாரித்தார்கள். காகிதத்தில் விபத்து என்று எழுதினார்கள். சர்ச் சபையிலும் அப்படியே ஏற்றுக்கொண்டு அடக்கம் செய்தார்கள். ஆனால் தெருவில் எல்லோருக்கும் வேறு கதை தெரிந்திருந்தது. அந்தக் கதையைச் சொன்னதே ராபினின் மனைவி சோனியாதான்.

அவளுக்குக் கரு கலைந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. படுத்துக்கிடந்தாள். ராபின் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். இன்றைக்குமா என்று கேட்டிருக்கிறாள். அவன் காற்றடிப்பதை நிறுத்தவில்லை. ராபின் துக்கம் வந்தால் பேசாதவன், ஓட்டப் போய்விடுகிறவன். அவளுக்கு அது தெரியும், தெரிந்தும் அன்றைக்கு வாய் நிற்கவில்லை. அந்தச் சக்கரத்தோடவே போய்ச் சேரு, திரும்பி வராதே என்று சொல்லிவிட்டாள். அடக்கத்தன்று மாமியார் சாராள் முன்னால் உட்கார்ந்து, சொன்ன வார்த்தையை அப்படியே திரும்பச் சொன்னாள். சாராள் அதற்குப் பிறகு அவளுடன் பேசவில்லை. சோனியா ஆரம்பாக்கத்தில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். சபைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள்.

கொஞ்சம் தள்ளி கெங்கம்மாளின் டீக்கடை தள்ளுவண்டி நின்றது. சாம்சன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அங்கே போனான். இந்த ஷீட் எப்போது அடித்தார்கள் என்று கேட்டான். இன்றைக்குக் காலையில் என்றாள். புயலில் பிய்த்துக்கொண்டு போனதை இப்போதுதான் திரும்பப் போடுகிறார்களாம். முதலில் எப்போது போட்டது என்று கேட்டதும் அவளுக்குப் பழைய ஆத்திரம் கிளம்பியது. அதுவரை அந்தக் காலி மனையின் வாயிலில்தான் அவள் கடை இருந்தது.

"என் வண்டியத் தூக்கிப் போட்டுட்டு ஷீட்டு அடிச்சானுங்க. வெளங்குவானுங்களா? அன்னிக்கே ஒரு பையன் லாரில அடிபட்டு செத்தான். வெல்டிங் பண்ணவனுங்கதான் ஓடிப்போயி தூக்குனானுங்க."

சாம்சன் டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். டீயில் ஆடை படிந்தது. குடிக்கலியா என்று அவள் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கம் போனான். சோனியா வாசல் குழாயடியில் கம்பெனி யூனிஃபார்மைத் துவைத்துக்கொண்டிருந்தாள். சைக்கிளைப் பார்த்ததும் கை நின்றது. உள்ளே வா என்று சொல்லவில்லை. அவன் நின்றபடியே சொன்னான். சக்கரம், காற்று, கேப், ஷீட், வேன், கெங்கம்மாள். ராத்திரியெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தது, வாயில் வரும்போது சைக்கிள் ரிப்பேர் கணக்காக இருந்தது. அவள் துணியை முறுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணன் சாவணும்னு சாயல, அண்ணி. காத்து வரும்னு சாஞ்சான்."

"உனக்கு நிம்மதி ஆவணும்னு ஒண்ணு கண்டுபுடிச்சிக்கினு வந்துக்கிறே."

"வந்து பாரு."

அவள் வர மாட்டாள் என்றுதான் அவன் நினைத்தான். துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனவள் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். அவனைத் தாண்டி நடந்து மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறினாள். அவன் பின்னாலேயே மிதித்துக்கொண்டு போனான்.

ஞாயிறு சாயங்காலம் என்பதால் கம்பெனி ரோடு காலியாக இருந்தது. கெங்கம்மாளின் வண்டியும் இல்லை. காற்று நன்றாகவே அடித்தது, இரண்டாவது கேப்பில் கருவேலமரங்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. சோனியாவை ஷீட்டுக்கு எதிரில் நிறுத்திவிட்டு சாம்சன் தூரம் போய்த் திரும்பி வேகமாக வந்தான். இரண்டாவது கேப்பில் சரியாகச் சாய்ந்து கடந்தான். மூன்றாவதில் சாய்ந்தான், சைக்கிள் நடு ரோட்டுக்குப் போனது. நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தான்.

"வேணும்னு சாயறே" என்றாள்.

இன்னொரு முறை வந்தான். இந்த முறை உடம்பை அதன் போக்கில் விட்டுப் பார்த்தான். அது சாயவில்லை. அங்கே சுவர் இருப்பது அதற்கும் தெரிந்துபோயிருந்தது. வண்டி நேராகப் போனது.  இதை யாருக்கும் நிரூபிக்க முடியாது. தெரியாதவனுக்கு ஒரு தடவைதான் நடக்கும், தெரிந்தவனுக்கு நடக்கவே நடக்காது. நிரூபிக்கத் தெரிந்தவன் சுடுகாட்டுப் பக்கம் கல்லறையில் கிடக்கிறான்.

"அப்பிடியே காத்துதான்னு வெச்சிக்குவோம்" என்றாள் சோனியா. குரல் சண்டைக் குரலாக இல்லை. "எத்தினி வாட்டி இந்த ரோட்ல போயிருக்காரு. செவுத்தப் பாக்காம தலைய குனிஞ்சிக்கினு போனாரே, எதனால? நான் பேசுனதுனாலதானே?"

 எப்போதுமே ராபின் தலையைக் குனிந்துதான் ஓட்டுவான், வேகத்துக்கு அப்படித்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அன்றைக்குக் குனிந்த தலைக்குள் என்ன இருந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வந்த வழியே இரண்டாவது கேப் வரைக்கும் திரும்பி நடந்தான். அவளும் கூட நடந்தாள். அங்கே போனதும் ஹேண்டில்பாரை அவள் பக்கம் திருப்பினான். அவள் அதைத் தொட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதுவும் வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று தள்ளி வைத்தபோது தொட்டதாக இருக்கும்.

"தள்ளிக்கினு வா, அண்ணி. ஓட்ட வேணாம்."

அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். வலப்பக்கத் திறப்பிலிருந்து அடித்த காற்று முன்சக்கரத்தை இடப்பக்கம் திருகியது. நடக்கிற வேகத்திலேயே இந்த இழு இழுக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சைக்கிள் அவள் இடுப்பில் முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை வலப்பக்கம் அழுத்தினாள். முந்தானை பறந்து முகத்தை மூடியது, கையை எடுத்து விலக்கிக்கொள்ள முடியவில்லை. முகம் மூடியபடியே அழுத்திக்கொண்டு நடந்தாள். கேப் முடிந்து சுவர் தொடங்கியது. காற்று சட்டென்று நின்றது. சக்கரம் வலப்பக்கம் பாய்ந்தது, கூடவே அவளும் ரோட்டுக்குள் போய் நின்றாள்.

சாம்சன் ஓடி வரப் போனான். அவள் பார்த்த பார்வையில் நின்றுவிட்டான்.

முந்தானையை முகத்திலிருந்து இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சுவரைப் பார்த்தாள், பிறகு தான் நிற்கிற இடத்தை. ரோட்டில் ஒரு வண்டியும் வரவில்லை.  அவள் சைக்கிளைத் திருப்பினாள். சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு, இன்னொரு தடவை பார்க்க, காற்று அடிக்கிற இடத்துக்குத் திரும்பி நடந்தாள்.