மாசிமகத்து ஞாயிறு

மாசித் திங்களின் முழுமதி மேற்கே கால்வாய்க்கு அப்பால் மங்கிச் சாய, கீழைக்கடலின் விளிம்பைச் செம்மை பூசிக் கதிரவன் எழுந்துகொண்டிருந்த அந்த இனிய வேளையில் மாமல்லைக் கடற்கரையை நீங்கள் கண்டிருக்க வேண்டும், அன்பரீர்! மணலிலே குடிலமைத்துத் தங்கியிருந்த இருளர் குடும்பங்கள் விழித்தெழ, செங்கற்பட்டிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் வந்திறங்கிய அடியார் கூட்டம் அலையோசையை விஞ்சி ஆரவாரிக்க, பள்ளிகொண்ட பெருமாள் கடலாட எழுந்தருளும் திருநாள் அது. அடியார் கூடிய இடத்தில் அருள் பெருகும் என்பர் பெரியோர். எச்சில் இலையும் நெகிழிப் பையும் பெருகும் என்பதை ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டனர்.

அவற்றை அள்ளிக் கரையைத் தூய்மை செய்வோர் ஊரின் துப்புரவுத் தொழிலாளர். பாதிப்பேர் ஞாயிறானால் மனம் திருச்சபையை நாடுவோர். மீதிப்பேர் பெருமாளையும் கங்கையம்மனையும் கும்பிடுவோர். எல்லோருக்கும் கிழமை ஏழும் வேலைதான். கூலியோடு வார ஓய்வு வேண்டுமென்று கேட்டுக் கேட்டு நாத் தழும்பேறியவர் சங்கத் தலைவர் தேவசகாயம். துணைத் தலைவி காசியம்மாளோ, பிறந்தது முதல் கடலைப் பார்த்தே வளர்ந்தும், வேலைக்கு வந்த நாள்தொட்டு மாசிமகத்தன்று ஒரு முழுக்குப் போட்டறியாதவள். பெருமாள் நீராடும் நேரத்தில் அவள் கையில் துடைப்பமே இருக்கும். "ஒரு கூட்டத்துக்கு ஞாயிறு, மறு கூட்டத்துக்குத் திருநாள் என்று விட்டால் கரை நாறிப்போகும்" என்பது துப்புரவுப் பணியைக் குத்தகைக்கு எடுத்த சீனுவின் மாறாத மறுமொழி.

நகர்மன்றத் தலைவி பர்வதம் கோயில் தொண்டுக் குடியில் பிறந்தவர். நடை சாத்தி ஆண்டவனுக்கே இளைப்பாறல் தரும் ஊரில், அதிலும் கிடந்த கோலத்திலேயே காட்சி தரும் பெருமாளின் ஊரில், உழைப்பவர் ஓய்வு கேட்பது குற்றமா என்று அவர் மனம் உறுத்திற்று. இவ்வாண்டு மகம் ஞாயிற்றுக்கிழமையில் வரவே, அவர் ஓர் ஏற்பாடு சொன்னார். அன்று பாதிப்பேர் ஓய்ந்திருக்கலாம். மீதிப்பேர் உழைக்க வேண்டும். பெருமாள் வரும்போது கரை தூய்மையாய் இருந்தால் எல்லோருக்கும் வார ஓய்வு உண்டு. இல்லையேல் அந்தப் பேச்சை இனி எடுக்கவே கூடாது. எந்தப் பாதி என்பதைத் தொழிலாளரே முடிவு செய்யட்டும் என்றும் விட்டுவிட்டார்.

அங்கேதான் வினை விளைந்தது. அந்த ஞாயிறு காலையில்தான் தேவசகாயத்தின் மகள் ரூத்துக்குத் திருச்சபையில் திடப்படுத்தல். பேராயர் வந்து தலைமேல் கைவைத்து வாழ்த்தி, முதல் திருவிருந்து அளிக்கும் நாள். அதைக் காசியம்மாள் அறிவாள். அவளுடைய நெடுநாள் ஏக்கத்தைத் தேவசகாயமும் அறிவார். "நீ போக்கா" என்று இவர் சொல்ல, "நீ போ தம்பி" என்று அவள் சொல்ல, முடிவேதுமின்றிக் கூட்டம் கலைந்தது. பிறகு இருவரும் தத்தம் ஆட்களை மட்டும் அழைத்து, விடியலில் வேலைக்கு வந்துவிடுமாறு கமுக்கமாகச் சொல்லி வைத்தனர்.

விடிந்தது. எல்லோரும் வந்து நின்றனர். கரையைப் பார்வையிட வந்த பர்வதத்தைப் பார்த்துச் சீனு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாத்தீங்களாம்மா? லீவு குடுத்தாலும் எடுக்க ஆளில்ல. அப்பால இன்னாத்துக்கு லீவு?"

பர்வதம் விடை சொல்லுமுன் காசியம்மாள் முந்திக்கொண்டாள்.

"தம்பி, பொண்ணுக்கு இன்னிக்கு நல்ல நாளு. பெத்தவன் இங்க குப்ப வாரிக்கினு கெடந்தா நல்லாவா கீது? கெளம்பு."

"நீ கடல்ல எறங்கறத இந்த வருசமாவது பாக்கணும்க்கா. மொதல்ல நீ எறங்கு."

இப்படி இருவரும் விட்டுக்கொடுத்துப் போரிட, குப்பை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் மேலும் மேலும் குவிந்தது. பர்வதத்துக்குப் பொறுமை போயிற்று.

"விட்டுக்குடுக்கவும் ஒரு நேரங்காலம் வேணாமா? சர்ச்சு காலையில, பெருமாள் வர உச்சி ஆகும். தேவசகாயம் ஆளுங்க இப்ப போய்ட்டு வாங்க. வந்ததும் காசியம்மா ஆளுங்க கடல்ல எறங்கட்டும். கரையில எப்பவும் பாதிப் பேர் இருந்தா சரி."

இத்துணை எளிய வழி ஒருவருக்கும் தோன்றாமற்போனதை எண்ணி எல்லோரும் நாணி நகைத்தனர். சீனு மட்டும் நகைக்கவில்லை.

தேவசகாயத்தின் ஆட்கள் புறப்பட்டுப்போக, காசியம்மாளும் அவள் கூட்டத்தாரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாரியும் கூட்டியும் அள்ளியும் கரையை வீட்டு முற்றம்போல் ஆக்கினர். ஆனால் உச்சிப்பொழுது நெருங்கியும் போனவர்கள் திரும்பவில்லை. பேராயரின் அருளுரை நீண்டுவிட்டதோ என்னவோ! தெருவிலே மேளம் கேட்டது, குடை தெரிந்தது. காசியம்மாள் சாலையைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், இவ்வாண்டும் இல்லை போலும் என்றெண்ணி மீண்டும் குனிந்து கூட்டலானாள்.

அப்போது சரக்கு வண்டி ஒன்று மணலோரம் வந்து நிற்க, அதிலிருந்து வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சேலையுமாகக் குதித்திறங்கிய கூட்டம் ஓட்டமாய் ஓடி வந்தது. தேவசகாயம் காசியம்மாள் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டார். அவள் கடலை நோக்கி ஓடினாள்.

பெருமாள் எழுந்தருளினார். கரையெங்கும் குறை தேடிய சீனு, ஏதும் அகப்படாமல் தாமும் நீராடிவிட்டு, பூச் சுற்றிக் கொண்டுவந்த நெகிழிப் பையைப் பழக்கத்தில் மணலிலே எறிந்தார். தேவசகாயம் அதையும் அள்ளிக் கூடையிலிட்டதைப் பர்வதம் பார்த்தார், சீனுவும் பார்த்தார். வரும் கிழமை முதல் எல்லோருக்கும் வார ஓய்வு உண்டென்று தலைவி அங்கேயே அறிவித்தார்.

தலைவழி நீர் சொட்டக் கரையேறிய காசியம்மாள், கண்ணீரையும் உப்புநீரையும் சேர்த்தே வழித்தெறிந்து, பழக்கத்தில் துடைப்பத்துக்குக் கை நீட்டினாள். தேவசகாயம் அதை முதுகுக்குப் பின்னே மறைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு இது எங்களுதுக்கா. இன்னொரு முழுக்குப் போட்டுட்டு வா."

அவள் சிரித்துக்கொண்டே மீண்டும் அலைக்குள் இறங்கினாள். இறைவனுக்குப் பெயர் பல. ஒருவர் கும்பிடும் நேரத்தில் மற்றவர் அவருடைய வேலையைத் தாங்கி நிற்பதே எல்லாப் பெயருக்கும் ஏற்ற வழிபாடு.