ஐந்து கட்டைக் கண்டென்சர்

என் பெயர் கரீமுல்லா. மேற்கு மாம்பலத்தில் முப்பத்திரண்டு வருஷமாக டிவி, ரேடியோ மெக்கானிக். இரைச்சல் என்றாலே எனக்கு ஆகாது. எந்தப் பெட்டி 'ங்ம்ம்' என்று முனகினாலும் அதன் வாயை அடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். என் வீட்டு மிக்ஸி இரண்டு வருஷமாக அலறுகிறது என்பது வேறு விஷயம்.

கார்த்திகைக் கடைசியில் ஆனந்தகுமார் சார் கூப்பிட்டார். அவருடைய அப்பா வாங்கிய வால்வு டிவி இன்னும் வீட்டில் ஓடுகிறது. நாலு கால், மரக்கதவு, பக்கத்தில் செட்டாப் பாக்ஸ். மனைவி ஜெயபாரதி சாயங்காலம் பாட்டுச் சாதகம் செய்யும்போது சார் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டுக் கிரிக்கெட் பார்ப்பார். ஆனாலும் பெட்டி முனகும். அந்த அம்மாவுக்கோ, பதினொரு வருஷம் விண்ணப்பம் போட்டு, மயிலாப்பூர் சபா ஒன்றில் இப்போதுதான் முதல்முறையாக மார்கழி மதியக் கச்சேரி கிடைத்திருக்கிறது. இன்னும் பத்தே நாள்.

"அதுவரைக்குமாவது அவ நிம்மதியா பாடட்டும் பாய். அவளுக்குத் தெரியாம முடிச்சிடுங்க" என்றார் சார்.

வேலை எளிது. சத்தத்தைக் குறைத்தும் முனகல் குறையவில்லை என்றால் கோளாறு பவர் பக்கம். கரண்ட்டை வடிகட்டும் கண்டென்சர் கிழடு தட்டிப் போயிருந்தது. புதிதாக ஒன்று வைத்தேன். வீடு கப்சிப் ஆனது. சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சாயங்காலம் போன் வந்தது. ஜெயபாரதி அம்மா அழுதுகொண்டிருந்தார்.

"என் சுருதிய எங்க கொண்டு போனீங்க பாய்?"

அவருடைய சுருதிப் பெட்டி ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கெட்டுப்போனதாம். டிவியின் முனகல் ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே சரியாக நின்றிருக்கிறது. அதையே தம்புராவாக வைத்துப் பழகிவிட்டார். இப்போது செல்போனில் அதே சுருதியை வைத்துப் பாடினால் தொண்டை திறக்கவில்லையாம். கோளாறைச் சரிசெய்ததற்குத் திட்டு வாங்குவது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அழுகிற பெண்மணியிடம் நியாயம் பேசி என்ன பிரயோஜனம்?

பழைய கண்டென்சர் என் கடைக் குப்பை டப்பாவில், அதே மாதிரி செத்துப்போன நாற்பதோடு கலந்து கிடந்தது. டப்பாவோடு போனேன். ஒவ்வொன்றாக மாட்டினேன். அந்த அம்மா கண்ணை மூடி 'சா' பிடித்துப் பார்த்து, இது இல்லை என்று தலையாட்டினார். ஒன்றுக்குச் சளி பிடித்திருக்கிறதாம், இன்னொன்று மிரட்டுகிறதாம்.

"எதைப் போட்டாலும் கரண்ட் ஒண்ணுதாம்மா, அதே சுருதிதான் வரும்" என்றேன். காதில் வாங்கவில்லை. எரிச்சலில் ஒரு வேலை செய்தேன். ஒன்பதாவதையே பதினான்காவதாக மறுபடி மாட்டினேன்.

"இது முன்னாடியே வந்ததுதானே பாய்?"

அதற்குப் பிறகு ஒழுங்காக வரிசைப்படி மாட்டினேன். இருபத்து மூன்றாவதில் அவர் முகம் மலர்ந்தது. பாடினார். நானும் சாரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

ஆனால் அந்தக் கண்டென்சர் எப்போது வேண்டுமானாலும் மண்டையைப் போடும். முனகலைப் போனில் பதிந்து பார்த்தோம், கொசு மாதிரி கேட்டது. வேறு வழியில்லை. கச்சேரியன்று டிவியைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி மயிலாப்பூருக்குக் கொண்டுபோய் மேடையில் வைத்து, பட்டுத்துணி போர்த்தினோம். பின்னால் நான் உட்கார்ந்தேன். தம்புரா யார் என்று சபா செயலாளர் கேட்டார். சார் என்னைக் காட்டினார். மைக்கிலும் அப்படியே அறிவித்துவிட்டார்கள்.

இரண்டாவது பாட்டில் கண்டென்சர் சூடேறி முனகல் தடுமாறியது. அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். கையில் கிடைத்த அழைப்பிதழால் விசிறத் தொடங்கினேன். முனகல் நிலைக்கு வந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் நான் தாளம் போடுவதாக நினைத்து என்னோடு சேர்ந்து தொடையில் தட்டினார். ஒன்றரை மணி நேரம் விசிறினேன். கை விட்டுப்போயிற்று. அந்த அம்மா மங்களம் பாடி முடித்தபோது நான் அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை.

எல்லோருக்கும் சால்வை போட்டார்கள், எனக்கும்தான். அதோடு வீட்டுக்கு வந்து நின்றேன். என் மனைவி அமீனா பீ மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு இது?"

"ஒரு ரிப்பேரைப் பண்ணாம அப்டியே வுட்டதுக்கு" என்றேன்.

"அப்போ ரெண்டு வருசமா நம்ம மிக்ஸிய வுட்டு வச்சிக்கிறியே, அதுக்கு?" என்று கேட்டு, அடுப்படிக் கரித்துணியை எடுத்து என் இன்னொரு தோளில் போட்டாள்.