சாட்சிக்கு ஒரு காது

நான்கு நாட்களாக எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "காத்து பிரிஞ்சுதா?"

காலை நர்ஸ் கேட்டாள், மத்தியான நர்ஸ் கேட்டாள், சர்ஜன் கேட்டார். என் கணவர் லாரி ஓட்டுகிறவர். இரண்டு நாள் பயணத் தூரத்தில் ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போன் செய்வார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒரு வார்த்தை கிடையாது. "அம்மாவுக்குக் காத்து பிரிஞ்சுதா?" என்பார். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அவர் இத்தனை அக்கறையாக என்னிடம் எதையும் விசாரித்ததில்லை.

மாமியாருக்குக் குடல் முறுக்கிக்கொண்டுவிட்டது. ஒரு சாண் நீளத்தை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். ஆனால் குடல் இன்னும் தூங்குகிறதாம். அது விழித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டது என்பதற்கு முதல் அடையாளம் கீழ்வழியாகக் காற்று பிரிவதுதான். அதுவரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றலாம், அவ்வளவுதான்.

வயிற்றுக் காற்றைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்றபடி வேலை, ஏழு நிமிஷத்தில் சாப்பாடு. மெல்லாமல் விழுங்கி விழுங்கிச் சாயங்காலமானால் பாவாடை நாடா இடுப்பை அறுக்கும். வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக்கொண்டுதான் நான் நிம்மதி அடைவேன். இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் மாமியாரோடு குடித்தனம் நடத்துகிற எவளுக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த கட்டிலில் ஒரு தையல்காரி இருந்தாள். அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். இரண்டாம் நாள் காலையிலேயே, வார்டே திரும்பிப் பார்க்கும்படி, அவளுக்கு ஆகிவிட்டது. "அப்பாடா!" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அரை மணி நேரத்தில் அவளுக்கு டீயும் ரொட்டியும் வந்தன. "வெக்கங்கெட்டவ" என்று என் மாமியார் முணுமுணுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கோ அந்த ரொட்டியைப் பார்த்து வயிறெரிந்தது.

நர்ஸ் வேளைக்கு ஒரு யோசனை சொன்னாள். "படுத்தே கெடந்தா குடலும் படுத்தேதான் கெடக்கும், நடக்க வைங்க." நடத்தினேன். "எடது பக்கமா ஒருக்களிச்சு, முழங்காலை மடக்கிப் படுக்கட்டும்." படுக்க வைத்தேன். "அழ விடாதீங்க, அழுதா காத்தை முழுங்குவாங்க." அதையும் சொன்னேன். கடைசியில் சூயிங்கம் வாங்கி வரச் சொன்னாள். வாய் மென்றால், சாப்பாடு வருகிறது என்று ஏமாந்து குடல் எழுந்துகொள்ளுமாம். "இதை மென்னான்னு எம்பிள்ளைய முதுகுல சாத்தியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, போர்வை நுனியால் வாயை மூடிக்கொண்டு மாமியார் மென்றார். அறுபத்தெட்டு வயதில், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, மணிக்கணக்காக மென்றார். குடல் ஏமாறவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கேன்டீனில் ஒரு பன்னையும் டீயையும் நின்றபடியே உள்ளே தள்ளிவிட்டு நான் திரும்பியபோது, நர்ஸ் வாயெல்லாம் பல்லாக எதிரே வந்தாள். "ஆயிடுச்சாம்!"

எனக்குக் காலே தரையில் பாவவில்லை. கணவருக்குப் போன் செய்தேன். அவர் அங்கே ஹாரன் அடித்துக் கொண்டாடியது எனக்கு இங்கே கேட்டது. மாமியாருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், பிறகு ஒரு கிண்ணம் சூப் கொடுத்தார்கள். "அதான் ஆயிடுச்சே, நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்றார் மாமியார். போனேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தேன். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, போன் அடித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பச்சைப் பச்சையாக வாந்தி எடுத்து ஓய்ந்து கிடந்தார். வயிறு பானையாக உப்பி, தட்டினால் சத்தம் வந்தது. மூக்கு வழியாகக் குழாயை விட்டு, குடித்த சூப்பையெல்லாம் வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை சர்ஜன் கட்டிலருகே நின்று நிதானமாகக் கேட்டார். "நேத்து நெஜமாவே காத்து பிரிஞ்சுதா?"

மாமியார் கண்ணை மூடிக்கொண்டு தலையை இடமும் வலமும் அசைத்தார்.

சர்ஜன் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "இன்னைக்கு நாலு மணி வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள குடல் முழிச்சுக்கலைன்னா மறுபடி திறந்துதான் ஆகணும். அவங்களுக்கு இதயம் பலவீனமா இருக்கு. இன்னொரு மயக்க மருந்தைத் தாங்குவாங்களான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். பிறகு நர்ஸிடம் திரும்பினார். "இனிமே அவங்க சொல்றது மட்டும் போதாது. யாராவது பக்கத்துல இருந்து கேட்டிருக்கணும்."

ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்டு ஒரு காகிதத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

கட்டிலுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன். "எதுக்கு அத்தை பொய் சொன்னீங்க?"

"நீ தூங்கி மூணு நாளாச்சு. அது ஆனாத்தான் நீ வீட்டுக்குப் போவேன்னு தோணுச்சு."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? திட்டவும் முடியவில்லை, உருகவும் முடியவில்லை. இத்தனை வருஷமாக இந்த அக்கறை எங்கே ஒளிந்திருந்தது என்றுதான் கோபம் வந்தது. வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்து நான் தட்டைக் கழுவக்கூட எழுந்திருக்கமாட்டேன், அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். மழை பெய்தாலும் குடையோடு போவார். ஒரு நாளாவது உட்கார்ந்து என்னோடு நாலு வார்த்தை பேசியதில்லை. என் சமையலும் பிடிக்கவில்லை, என் முகமும் பிடிக்கவில்லை, தெருமுனையில் யாரிடமோ என்னைப் பற்றிப் புறம் பேசத்தான் போகிறார் என்று முடிவு கட்டி, அந்த மனத்தாங்கலோடே பத்தொன்பது வருஷத்தை ஓட்டியிருந்தேன்.

காலையில் இரண்டு முறை நடத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டு மணி வாக்கில் நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே கண் அசந்துவிட்டேன். யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். நர்ஸ். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு.

"இப்பதான் ஆச்சுங்கறாங்க. நீங்க கேட்டீங்களா?"

மாமியாரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கில் குழாய், வறண்ட உதடு, இரண்டு கண்ணும் என்னிடம் கெஞ்சின. என்னிடம் அவர் எதையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆபரேஷன் இல்லை. லாரியில் ஹாரன் அடிக்கும். எல்லோரும் என்னைக் கேள்வி கேட்பதை நிறுத்துவார்கள். எனக்கு அவ்வளவு அசதி. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

போர்வைக்குள் கையை விட்டு வயிற்றைத் தொட்டேன். கல் மாதிரி இருந்தது.

"இல்ல. எனக்குக் கேக்கல" என்றேன்.

நர்ஸ் போய்விட்டாள். மாமியார் என் கையை வயிற்றிலிருந்து விலக்கினார். "என்னை மறுபடியும் அறுக்கட்டும்னுதானே சொன்ன?" என்றார்.

எனக்குப் பொங்கிவிட்டது. "ஆமா, எனக்கு வேற வேலையில்ல பாருங்க! உங்களைச் சாகடிக்கணும்னா, ஆமா கேட்டுச்சுன்னு சொல்லிட்டு ஒரு டம்ளர் சூப்பை ஊத்தினாப் போதாதா? எதுக்கு அத்தை இப்படி அடக்கி வெச்சிருக்கீங்க? நாலு நாளா நான் நடத்தினா நடக்கிறீங்க, உக்காரச் சொன்னா உக்கார்றீங்க. ஆனா வயித்தை மட்டும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்க. எனக்குத் தெரியாதா?"

அவர் உதடு துடித்தது. அழப் போகிறார், காற்றை விழுங்கப் போகிறார் என்று பயந்துவிட்டேன்.

"வருது. ஒரு தடவ ரெண்டு தடவ வரப் பாத்துச்சு" என்றார் மெதுவாக. "நீ பக்கத்துலேயே கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற. மருமக முன்னாடி எப்படிம்மா? வீட்டுலயே ஒரு நாளாவது அப்படி நடந்துக்கிட்டேனா? அதுக்குத்தானே சாப்பிட்டவுடனே தெருவுக்கு ஓடறேன். குளிரு மழை பாக்காம, தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வரேன்."

"அதுக்கா போறீங்க? தினமுமா?"

"பின்ன, ஊர் சுத்தவா? எனக்கு உன்னை மாதிரி குழாயைத் தொறந்துவிட்டுக்கத் தோணல. தண்ணி வீணாப் போகுதேன்னு இருக்கும்."

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் காது மடலெல்லாம் சூடேறியது. அடுத்த கட்டிலில் தையல்காரி போர்வைக்குள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆத்திரமாக இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே பெரிய துக்கமாக இருந்தது. ஒருத்திக்கு ஒருத்தி மரியாதை கொடுத்தே நாங்கள் இத்தனை வருஷம் பேசாமல் இருந்திருக்கிறோம். ஆனால் துக்கப்பட நேரமில்லை. மணி இரண்டரை தாண்டிவிட்டது.

"எழுந்திருங்க" என்றேன். "நடக்கலாம். இந்தத் தடவ நான் கேட்டே ஆகணும். நீங்க சொன்னா இங்க யாரும் நம்பமாட்டாங்க, நான் சொன்னாத்தான் நம்புவாங்க."

மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, மறு கையால் அவர் இடுப்பைத் தாங்கிக்கொண்டு வராந்தாவின் கோடிவரை போனேன். திரும்பினோம். மறுபடி போனோம். தையல் இழுக்கிறது என்று வயிற்றோடு தலையணையை அணைத்துக்கொண்டு நடந்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நாலாவது நடையில் என் கால் பின்னிக்கொண்டது. யார் யாரைத் தாங்குகிறோம் என்று தெரியாத நிலைக்கு வந்துவிட்டோம்.

ஐந்தாவது முறை கோடியில் இருந்த ஜன்னலருகே அவர் நின்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"திரும்பினா?"

"காதுதானே வேணும் உனக்கு. கண்ணு எதுக்கு? திரும்பும்மா."

திரும்பிக்கொண்டேன். எதிரே நீளமான வராந்தா. கோடியில் கடிகாரம், மூன்றேகால். அப்போது பார்த்துச் சாப்பாட்டுத் தட்டுகளை ஏற்றிய தள்ளுவண்டி கடகடவென்று வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவனை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இந்தச் சத்தத்தில் வந்து, எனக்குக் கேட்காமல் போய்விட்டால்? வண்டி எங்களைத் தாண்டிப் பக்கத்து வார்டுக்குள் போனது. மறுபடி அமைதியானது. என் மூச்சுச் சத்தம்கூட இடைஞ்சலாக இருந்ததால் மூச்சையும் பிடித்துக்கொண்டேன். வந்துவிடு, வந்துவிடு என்று வேண்டினேன். யாரை வேண்டினேன் என்று எனக்கே தெரியாது.

முதலில் மெல்லிசாக ஒரு கீச்சொலி. செருப்புத் தேய்ந்ததோ என்று சந்தேகப்பட்டேன். சாட்சி சொல்கிறவள் சந்தேகத்தோடு சொல்லக்கூடாது, அசையாமல் நின்றேன். பிறகு வந்தது, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல், நீளமாக, ஒன்றன்பின் ஒன்றாக. நாலு நாள் காற்று. நின்றுவிட்டது என்று நினைத்தபோது இன்னொன்று.

"கேட்டுச்சு அத்தை" என்றேன். "நல்லாக் கேட்டுச்சு."

சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். சின்ன அழுகை இல்லை, ஓவென்று, எழவு வீட்டில் அழுகிற மாதிரி. வார்டுக்குள்ளிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. தள்ளுவண்டிக்காரன் ஓடி வந்தான். நர்ஸ் வெளிறிய முகத்தோடு ஓடி வந்து, தையல் பிரிந்துவிட்டதா, என்ன ஆயிற்று, சொல்லித் தொலையுங்களேன் என்று பதறினாள். எனக்கு வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

மாமியார் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு மெல்லத் திரும்பினார். என் தலைமேல் கையை வைத்தார். அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்கும் குரலில் சொன்னார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. எனக்குக் காத்து பிரிஞ்சுது, அதுக்குத்தான் அழறா."