முள் இறங்கும் வரை

ஒட்சிசன் சிலிண்டரைத் தொடுவதற்கு முன் அல்பேர்ட் கை கழுவுவான். சவர்க்காரம் போட்டு, முழங்கை வரை. மெசின்கள் திருத்தும் அந்தக் கனகராயன்குளத்துக் கராச்சில் மற்றவர்கள் கிறீஸ் கையோடு தேத்தண்ணி குடிக்கிறவர்கள்.

"ஐயர் மூலஸ்தானத்துக்குப் போறார், விலகுங்கோ," என்பான் சின்னராசா.

அல்பேர்ட்டும் சிரிப்பான். ஏன் கழுவுகிறான் என்று சொல்லமாட்டான்.

சிலிண்டருக்குள் அடைபட்டிருக்கும் காற்று ஓர் ஆளைத் தூக்கி எறியும். இரும்பு ஒட்டும் தீக்குழலுக்கு வேண்டியது சிறு மூச்சு. இரண்டுக்கும் நடுவில் இருந்தது பித்தளை ரெகுலேற்றர். அதில் இரண்டு முட்கள். ஒன்று சிலிண்டருக்குள் இருப்பதைக் காட்டும், மற்றது குழலுக்குப் போவதை. முன்னாலிருந்த திருகை உள்ளே முறுக்கினால் காற்றுப் போகும், தளர்த்தினால் நிற்கும். மாலையில் அல்பேர்ட் சிலிண்டரின் வால்வைப் பூட்டிவிட்டுக் குழலைத் திறப்பான். ரெகுலேற்றரிலும் றப்பர்க் குழாயிலும் மிஞ்சியது சீறிக்கொண்டு வெளியேறும். இரண்டு முட்களும் இறங்கிப் பூச்சியத்தில் படுக்கும்வரை நிற்பான். பிறகு திருகை ஆடும் பல்லைப்போலத் தளரவிட்டு, ரெகுலேற்றரைக் கழற்றித் துணியில் சுற்றித் தன் தகரப் பெட்டிக்குள் வைப்பான்.

அந்தச் சீறல் கேட்டால் செல்வநாயகம் முதலாளி கதிரையை விட்டு எழும்பி வருவார். சிலிண்டர் கொழும்பிலிருந்து வரவேண்டும்.

"அங்க காத்தை விக்கிறாங்கள். நீர் அதைக் காத்திலயே விடுறீர்."

"முள்ளு இறங்கட்டும் முதலாளி."

அல்பேர்ட் குழலை மூடமாட்டான். அந்தப் பக்கத்தில் வேறு ஒட்டுக்காரன் இல்லை. அது இருவருக்கும் தெரியும்.

முன்பு அவன் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தான். கூட நின்ற ஒருவனுக்கு வேலை முழுவதையும் பழக்கினான். வெள்ளைக்காரன் போகும்போது ஆட்களைக் குறைத்தார்கள். குறைந்த சம்பளக்காரனான அவனை வைத்துக்கொண்டு அல்பேர்ட்டை நிறுத்தினார்கள். முல்லைத்தீவுக்குத் திரும்பி, மனைவி புனிதத்தின் தமையன்மாரோடு கடலுக்குப் போய்ப் பார்த்தான். சரிவரவில்லை. கராச்சுக்கு வந்தபின் யாருக்கும் எதையும் காட்டவில்லை. உதவிக்கு நின்ற சின்னராசா இரும்பைப் பிடிப்பான், சிலிண்டரை உருட்டுவான். ஏதாவது கேட்டால், "அது உனக்கென்னத்துக்கு," என்று அல்பேர்ட் பேச்சை மாற்றுவான்.

ஆயுத பூசைக்குக் கராச்சில் வேலை இல்லை. அல்பேர்ட் வீட்டுக்குப் போயிருந்தான். எல்லாச் சாமானும் மினுங்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். சின்னராசா நல்லெண்ணெய்ப் போத்தலும் பழஞ்சீலையுமாக இருந்து ஸ்பானர்களைத் துடைத்தான், ஜாக்கைத் துடைத்தான், பட்டறைக் கல்லைத் துடைத்தான். கடைசியில் தகரப் பெட்டி மட்டும் மிஞ்சியது. அதற்குப் பூட்டு இல்லை. வேதக்காரனுடைய சாமான் என்று ஒதுக்கிவிட்டதாக அல்பேர்ட் நினைக்கக்கூடாது என்று அவனுக்குப் பட்டது.

ரெகுலேற்றரின் நட்டு இறுகிச் சுற்றியது. அல்பேர்ட் அதோடு மல்லுக்கட்டுவதை அவன் நாள்தோறும் பார்த்திருக்கிறான். புரிக்குள் நான்கைந்து துளி விட்டு, முன்னும் பின்னுமாகச் சுற்றினான். இலகுவாகியது. மேலே துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தான்.

விஜயதசமி காலை. விதைப்புக்கு முந்திய நாட்கள். முற்றத்தில் ஏர் முறிந்த உழவு மெசின்கள் நின்றன. சொந்தக்காரர்கள் வேலிக்கரையில் குந்தியிருந்தார்கள். நல்ல நேரத்தில் முதல் நெருப்பு மூட்ட வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். முல்லைத்தீவு பஸ் பிந்தியது. அல்பேர்ட் வரும்போது சின்னராசா ரெகுலேற்றரைச் சிலிண்டரில் பூட்டி வைத்திருந்தான்.

அல்பேர்ட் கை கழுவினான். பூட்டுமுன் வால்வைச் சற்றுத் திறந்து சிலிண்டர் வாயிலுள்ள தூசியை ஊதவிடுவது அவன் வழக்கம். கழற்றவா என்று முதலாளியைப் பார்த்தான்.

"நேரம் முடியுது, அல்பேர்ட்," என்றார் முதலாளி.

கராச் முழுவதும் கற்பூரமும் சாம்பிராணியும் மணத்தன. அல்பேர்ட் குங்குமப் பொட்டைப் பார்த்துச் சிரித்தான். "எனக்கும் ஒண்டு வைச்சிருக்கலாம், சின்னராசா." திருகு தளர்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தான். எப்போதும்போல விலகி நின்றான். கையை நீட்டி வால்வைத் திறந்தான்.

வெடித்த சத்தத்தைவிட வெளிச்சம்தான் சின்னராசாவின் நினைவில் நின்றது. பித்தளை உருகித் தெறித்தது.

வவுனியா ஆசுப்பத்திரியில் அல்பேர்ட்டின் வலக்கை மணிக்கட்டோடு போயிருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணையும் கட்டியிருந்தார்கள். புனிதம் பனையோலை விசிறியோடு பக்கத்தில் இருந்தாள். சின்னராசா கட்டில் கால்மாட்டில் நின்றான்.

"பூசைக்கு எண்ணெய் போட்டனீயோ?" என்றான் அல்பேர்ட்.

"ஓம் அண்ணை. உங்கட நட்டு இறுகிக் கிடந்தது. அதுக்குக் கூடப் போட்டனான்."

அல்பேர்ட் கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

"ஒட்சிசன் எண்ணெயில பட்டா நெருப்பு. அதுக்குத்தான் கை கழுவுறனான்."

"எனக்கொருக்காச் சொல்லியிருக்கலாமே, அண்ணை."

"சொன்னா நீயே எல்லாம் செய்வாய். பிறகு நான் என்னத்துக்கு?"

புனிதத்தின் கை நின்றது. பிறகு மறுபடியும் விசிறியது.

அதன்பின் அல்பேர்ட் எல்லாவற்றையும் சொன்னான். தூசி ஊதுவது, வால்வை மெல்லத் திறப்பது, மாலையில் காற்றை வெளியே விடுவது. காற்றை உள்ளே அடைத்து வைத்தால் ரெகுலேற்றரின் உள்வாய் கெட்டுவிடும், பிறகு சிலிண்டர்க் காற்றுத் திருகுக்கு அடங்காமல் குழலுக்குப் பாயும் என்றான். சின்னராசா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். நடுவில் தாதி வந்து போகச் சொன்னாள்.

"முள்ளு இறங்குமட்டும் நில்லு. ஆர் என்ன சொன்னாலும் குழலை மூடாதை."

விசாரணைக்கு ஓர் உத்தியோகத்தர் வந்தார். அல்பேர்ட் வெள்ளைக்காரனிடம் வேலை பழகியவன், அவன்தான் பார்த்துத் திறந்திருக்க வேண்டும் என்று முதலாளி சொன்னார். பூசைபற்றிப் பேச்சு எழவில்லை. சின்னராசா வாசலில் காத்திருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. உத்தியோகத்தர் இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

புனிதம் புருஷனைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவு பஸ் ஏறினாள். முதலாளி ஒரு சீப்பு இதரை வாழைப்பழம் கொடுத்துவிட்டிருந்தார்.

கொழும்பிலிருந்து புதிய ரெகுலேற்றர் வந்தது. முதலாளி அதைச் சின்னராசாவிடம் நீட்டினார். "நீதானே பக்கத்தில நிண்டனீ. இனி நீ பார்." சம்பளத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சின்னராசாவும் கேட்கவில்லை. வேலை கேட்டு இரண்டு பேர் முற்றத்தில் நின்றார்கள்.

அவன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினான். யாரும் சிரிக்கவில்லை. தூசியை ஊதவிட்டான். விலகி நின்று மெல்லத் திறந்தான். பொழுதுபடும்வரை முறிந்த ஏர்களை ஒட்டினான். கோணலாக இருந்தாலும் ஒட்டியது.

மாலையில் வால்வைப் பூட்டிக் குழலைத் திறந்தான். காற்றுச் சீறியது. முள் இறங்கத் தொடங்கியது. கதிரை நிலத்தில் உரசும் சத்தம் கேட்டது.

"காணும். மூடு," என்றார் முதலாளி.

சின்னராசா முள்ளைப் பார்த்தான். வேலை கேட்டு இன்னும் முற்றத்தில் நின்ற இருவரையும் பார்த்தான். குழலை மூடினான்.

சீறல் நின்றது. கண்ணாடிக்குள் முள் பாதியில் நின்றது.

முதலாளி விளக்கை எடுத்துக்கொண்டு போனார்.