குளிர் அலமாரியில் ஒரு அப்பா

பத்தொன்பது வருடமாக நான் கலைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஓவியம், சிற்பம் எதுவும் கெட்டுப்போகாமல் காப்பது என் பொறுப்பு. அதாவது, "தொடாதீங்க!" என்று கத்துவதற்குச் சம்பளம். வீட்டில் இதுவரை ஏழு குடைகளைத் தொலைத்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்ட என்னிடம் போன வருடம் ஒரு சோப்புத் தலை வந்து சேர்ந்தது. செய்தது ஓர் இளம் சிற்பி. முடிதிருத்தும் கடை வைத்திருந்த அவள் அப்பா இறந்ததும், கடையில் மிச்சமிருந்த ஷேவிங் சோப்பையெல்லாம் உருக்கி, அவர் தலையையே வார்த்துவிட்டாள். பக்கத்தில் ஒரு குழாய். பார்க்க வருகிறவர்கள் தலையில் கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு வருடத்தில் அது கரைந்து போக வேண்டும். அதுதான் படைப்பே. ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தாள்.

நானும் படித்தேன். ஆனால் முதல் நாளே ஒரு பள்ளிக்கூடப் பட்டாளம் வந்து இடது புருவத்தைக் கழுவிவிட்டுப் போனது. அன்று மாலையே அச்செடுத்து, முக்குக் கடை சோப்பில் ஒரு நகல் வார்த்துப் பீடத்தில் வைத்தேன். அசல், என் அறைக் குளிர் அலமாரிக்குள் போனது. யாரிடமும் மூச்சு விடவில்லை. என்றாவது பாராட்டு விழா எடுப்பார்கள் என்று ஏற்புரைகூடத் தயார் செய்திருந்தேன்.

நேற்று வருடம் முடிந்தது. பீடத்தில் எலுமிச்சம்பழ அளவுதான் மிச்சம். கடைசிக் கழுவலுக்குச் சிற்பியே வந்தாள். தேய்த்தவள், நுரையை முகர்ந்து பார்த்தாள்.

"சார், இது எங்கப்பா இல்ல."

"ஒரு வருஷத்துல ஆளு கொஞ்சம் மாறத்தானேம்மா செய்வாரு?"

"வெளையாடாதீங்க. எங்கப்பா மேல எந்த வாசன வரும்னு எனக்குத் தெரியாதா?"

கூட நின்றிருந்த கலைக்கூட இயக்குநர் என்னைப் பார்த்தார். செல்லரித்த சட்டத்தை நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே இருவரையும் என் அறைக்குக் கூட்டிப்போய் அலமாரியைத் திறந்தேன். துணியைப் பிரித்ததும், குளிரில் வெடித்திருந்த மூக்கு, கையுறை போட்ட என் உள்ளங்கையில் விழுந்தது.

"இன்னிக்கு அவர வழியனுப்பிடலாம், இதுக்கு மேல அழக்கூடாதுன்னு மனசத் தேத்திக்கிட்டு வந்தேன்" என்றாள். குரல் உடைந்தது. "நீங்க அவர ஃப்ரிட்ஜுல வெச்சிருக்கீங்க!"

நான் மூக்கை நீட்டினேன். வேறென்ன செய்ய? வாங்கிப் பார்த்தவள், அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

"இந்த மூக்கு அவருக்கே பிடிக்காது. சரி, கையுறையக் கழட்டுங்க."

"எதுக்கும்மா?"

"வாடிக்கைக்காரங்கள அவரு காக்க வெச்சதே இல்ல. அவரப் போயி ஒரு வருஷம் காக்க வெச்சுட்டீங்க. இன்னும் ஒரு வருஷம், தெனமும் மொதல் கை உங்களோடது."

இத்தனை வருடத்தில் ஒரு கலைப்பொருளையும் நான் வெறும் கையால் தொட்டதில்லை. தலையைப் பீடத்தில் வைத்து, கையுறையைக் கழற்றி, நெற்றியில் தேய்த்தேன். நுரை வந்தது. மறுபக்கம் அவள் தேய்த்தாள். பிறகு பதிவேட்டில், 'நிலை' என்ற கட்டத்தில் எழுதினேன்: மூக்கு இல்லை. கரைகிறது. நலம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி முகர்ந்தாள்.

"என்னங்க, ஷேவிங் சோப்பு வாசன வருது. தாடி அப்படியே இருக்கு?"

"ஆபீஸ்ல கை கழுவினேன். இனிமே தெனமும் கழுவணும். உத்தரவு."

"சாப்பிடறதுக்கு முன்னாடி கழுவுங்கன்னு நானும்தான் தெனமும் கத்துறேன். சம்பளம் குடுத்தாத்தான் கழுவுவீங்களோ?"